ஏழாவது பாட்டில் ஒரு வரி

ஜனவரி 11

அக்கா,

எப்படி இருக்கிறாய்? முழங்கையில் வெந்த இடம் ஆறிவிட்டதா, இல்லை அதன் மேலேயே இன்னொரு சூடு வாங்கிக்கொண்டாயா? நான் நலம். தொண்டையும் நலம். ஒன்பது வருடம் கத்தியதற்கு இவ்வளவு மிச்சம் இருப்பதே பெரிய விஷயம் என்றார் டாக்டர்.

செய்தி இதுதான். எங்கள் 'துரு' குழு முடிந்தது. சண்டை போட்டுத்தான் முடிந்தது. கத்திப் பாடுகிற பங்க் இசைக்குழு கைகுலுக்கிப் பிரிந்தால் யார் மதிப்பார்கள்? நான் தனியாக ஒரு ஆல்பம் செய்கிறேன். பாப் மாதிரி. பியானோ உண்டு, பின்னால் இரண்டு பெண்கள் கூடப் பாடுவார்கள். டிரம்ஸ் வாசிக்கிற மொட்டையிடம் சொன்னதும் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். "ஷாப்பிங் மால்ல லிஃப்டுக்குள்ள போடுவாங்களே, அந்தப் பாட்டா?" என்றான். "ஆமாடா, நீ ஏறும்போது போடச் சொல்றேன்" என்றேன். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

நாங்கள் பாடியதில் ஒரு வார்த்தைகூட யாருக்கும் விளங்கியதில்லை. அதிலும் ஒரு சுகம் இருந்தது. ஆனால் எனக்கு முப்பத்தொன்று ஆகிறது அக்கா. யாராவது ஒருத்தர் காதில் ஒரு வரியாவது முழுதாக விழட்டும் என்று தோன்றுகிறது.

போன் செய்தால் நீ சமையலறையில் நின்று கிசுகிசுப்பாய், அப்பா அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார். வீட்டுக்கு எழுதினால் பிரித்துவிடுவார். அதனால் வழக்கம்போல ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து விலாசத்துக்கே எழுதுகிறேன். அவர் எப்படி என்று கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

குட்டி

பிப்ரவரி 2

அன்புக் குட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்று கூடத்தில் இரண்டு எந்திரம் படுத்துவிட்டன. நான் நலம். கை ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஆல்பம் செய்தி கேட்டு எனக்கு உண்மையாகவே சந்தோஷம். கோபித்துக்கொள்ளாதே, உன் குழுப் பாட்டைக் கேட்டால் எங்கள் பெரிய எந்திரத்துக்குள் யாரோ ஸ்பேனரை மறந்து வைத்துவிட்ட மாதிரி இருக்கும். தங்கை பாடுகிறாள் என்று ஒரு தடவை இங்கே பெருமையாகப் போட்டுக் காட்டினேன். ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணி மடிக்கிற பெண் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டாள். இனிமேல் தைரியமாகப் போடலாம்.

அப்பாவுக்கு டிசம்பரில் இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுதாகப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. கண்ணும் காதும் நன்றாக இருக்கின்றன. கூழாக அரைத்து ஊட்டுகிறேன். நான் வேலைக்கு வரும் நேரத்தில் ஒரு பெண் வந்து கை கால்களை மடக்கி நீட்டிவிட்டு, துணைக்கும் இருக்கிறாள். நீ வர வேண்டும் என்று சொல்லவில்லை. பன்னிரண்டு வருடமாக வராதவளை இதற்காகக் கூப்பிட மாட்டேன்.

கழுத்தில் துணி சுற்றிக்கொள். ஸ்டுடியோவில் குளிர் போட்டுவிடுவார்களாமே.

அக்கா

பிப்ரவரி 19

அக்கா,

நலம். குளிர் போடுகிறார்கள்தான், துணி சுற்றித்தான் நிற்கிறேன்.

மெதுவாகப் பாடுவது இவ்வளவு கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. குழுவில் மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று கத்துவேன். இங்கே உதடு படுகிற தூரம். எச்சில் விழுங்குவதுகூடப் பதிவாகிறது. இசை அமைப்பவரை எல்லோரும் பியானோக்காரர் என்கிறார்கள். அறுபது வயது, காதில் முடி, நல்ல மனுஷர். கத்தும்போது அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் அக்கா. இங்கே ஒளிய இடமில்லை.

போன வாரம் பழைய பாட்டு ஏதாவது இருந்தால் மெதுவாகப் பாடிக் காட்டச் சொன்னார். எங்கள் முதல் ஆல்பத்தின் கடைசியில் ஐம்பது விநாடிப் பாட்டு ஒன்று உண்டு. அதைப் போட்டுக் காட்டினேன். "இதுல வார்த்தை ஏதாவது இருக்கா, இல்ல சும்மா கத்தறீங்களா?" என்று கேட்டார். ஒன்பது வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. சொன்னேன். பியானோவை மூடிவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். "இதை ஏழாவதா வைப்போம்" என்றார்.

ஒன்று கேட்கட்டுமா? நம் இருவருக்கும் நடுவிலவளின் இழுப்பு மருந்து, அந்த நீல பம்பு, அன்றைக்கு எங்கே இருந்தது? எனக்கு ஞாபகமே இல்லை.

குட்டி

மார்ச் 30

அன்புக் குட்டிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. வேலை அப்படி. வார்டுகளில் ஏதோ வயிற்றுப்போக்கு பரவி, மூட்டை மூட்டையாக வருகிறது. பிரிக்கிற மேசையில் நானே நிற்கிறேன். படுக்கைவிரிப்புக்குள்ளிருந்து நேற்று ஒரு முழுப் பல்செட் விழுந்தது. சொந்தக்காரரைத் தேடி மூன்று மாடி ஏறினேன். ஆள் பொக்கை வாயோடு சிரித்தார்.

அப்பாவுக்கு முதுகில் புண் வைத்துவிட்டது. இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள்.

ஆல்பம் எப்போது வரும்? அட்டைப்படத்துக்காவது தலையை வாரிக்கொள்.

பழைய விஷயங்களைக் கிளறி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. தூங்கு, சாப்பிடு.

அக்கா

மே 8

அக்கா,

ஆல்பம் வந்துவிட்டது. தனி உறையில் அனுப்பியிருக்கிறேன். தலை வாரியிருக்கிறேன், பார்.

பழைய ரசிகர்கள் காறித் துப்புகிறார்கள். உவமைக்குச் சொல்லவில்லை, முதல் கச்சேரியில் முன்வரிசையில் நின்ற ஒருத்தன் நிஜமாகவே துப்பினான். 'துரு' பனியன் போட்டிருந்தான். என் கையெழுத்தும் அதில் இருந்தது. மொட்டை ஒரு பேட்டியில் "அவ செத்துட்டா, இது வேற யாரோ" என்று சொல்லியிருக்கிறான். அதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் படுக்கையை விட்டு எழவில்லை.

ஆனால் ரேடியோவில் போடுகிறார்கள். அதுவும் எதை? ஏழாவதை. பஸ்ஸில் என் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்:

*தட்டுறா, தட்டுறா,*
*பெட்டி அறைக்குள்ள தட்டுறா.*
*சாவி எங்கே? சாவி எங்கே?*
*அப்பா சட்டைப் பையில.*

பியானோக்காரர் அதற்குப் போட்ட மெட்டு அப்படி. ஒரு தடவை கேட்டால் வாயை விட்டுப் போகாது. அவள் எதைப் பாடுகிறாள் என்று அவளுக்குத் தெரியுமா?

நீ கேட்டாயா? உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் செய்துவிட்டேன் என்று தெரியும். கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால்தான் கேட்கவில்லை. திட்டுவதானாலும் எழுது.

குட்டி

ஜூன் 21

அக்கா,

ஆறு வாரமாகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கூடத்துக்குப் போன் செய்தேன். "அக்கா வேலையா இருக்காங்க" என்று எடுத்தவள் சொன்னாள். அவளுக்குப் பின்னால் நீ இருமியது கேட்டது.

இருமலுக்கு மருந்து எடு.

குட்டி

ஜூலை 3

குட்டிக்கு,

இருமல் போய்விட்டது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய உறையைப் பிரிக்காமல் லாக்கரில் வைத்திருந்தேன். ஆனால் பாட்டு தானாக வந்து சேர்ந்தது. விரிப்புகளை இஸ்திரி போடுகிற உருளை எந்திரத்தில் இந்தப் பக்கம் இரண்டு பேர் துணியை நுழைப்பார்கள், அந்தப் பக்கம் இரண்டு பேர் பிடித்து மடிப்பார்கள். மேலே ரேடியோ. நாலு பேரும் உன் பாட்டைச் சேர்ந்து பாடுகிறார்கள். மடிக்கிறதுக்கு வாகான தாளமாம். "உங்க தங்கச்சி பாட்டு சூப்பர்க்கா" என்கிறார்கள். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை.

போன வியாழன் வீட்டுக்குள் நுழையும்போது அங்கேயும் அதே பாட்டு. துணைக்கு இருக்கிற பெண் அப்பாவின் காலை மடக்கிக்கொண்டே போனில் போட்டிருந்தாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. சாவி எங்கே என்று வந்ததும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்த வரி முடிகிற வரைக்கும் பார்த்தார்.

அந்தப் பாட்டை நிறுத்த முடியுமா? ரேடியோக்காரர்களிடம் சொல்ல முடியுமா? உன்னிடம் எதையும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன். பாட்டில் ஒரு வரி தப்பு.

அக்கா

ஜூலை 14

அக்கா,

நலமா என்று கேட்டு எழுதுகிற நிலையில் நான் இல்லை.

எந்த வரி தப்பு? நடுவிலவள் பள்ளி ரிப்போர்ட்டில் அவர் கையெழுத்தைத் தானே போட்டது தப்பா? அதற்காக ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளைப் பெட்டி அறையில் தள்ளிப் பூட்டிவிட்டு அந்த ஆள் அச்சகத்துக்கு வேலைக்குப் போனது தப்பா? இழுப்பு வந்து அவள் தட்டித் தட்டிக் கை ஓய்ந்தது தப்பா? தூக்கத்தில் போய்விட்டாள் என்று ஊருக்குச் சொன்னதுதான் தப்பு. அம்மா இல்லாத வீட்டில் எதையும் சொல்லலாம்.

எனக்கு ஒன்பது வயது. உன் பாவாடையைப் பிடித்து இழுத்து, "அக்கா, திற அக்கா" என்றேன். "சாவி அப்பாகிட்ட இருக்குடி" என்றாய். அதைத்தான் பாடுகிறேன். அந்த ஆள் அழுதாரா? அழட்டும். பேச முடியாத வாயாவது அழட்டும்.

பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்து, பாட்டில் வருவது உண்மையா என்று கேட்டாள். உண்மை என்று சொல்லப் போகிறேன், அவர் பெயரோடு. உனக்கு ஒரு கெடுதலும் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

குட்டி

ஆகஸ்ட் 12

குட்டிக்கு,

உன் பேட்டியைப் படித்தேன். கூடத்தில் யாரோ மேசை மேல் விரித்து வைத்திருந்தார்கள். நான் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயின்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு ஜன்னல் உடைந்தது. துணைக்கு வந்த பெண், "மன்னிச்சுக்குங்கக்கா, இந்த ஆளை இனிமே என்னால தொட முடியாது" என்று நின்றுவிட்டாள். அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். ஆனால் பேட்டியில் நீ சொல்லியிருக்கிறாய்: "என் அக்கா துடித்துப்போனாள். சாவி மட்டும் கையில் இருந்திருந்தால் கதவைத் திறந்திருப்பாள்."

சாவி என்னிடம்தான் இருந்தது.

அப்பா கிளம்பும்போது என் கையில் கொடுத்தார். "ஆறு மணிக்கு நான் வந்துதான் திறக்கணும். நீ திறந்தா அடுத்து நீ உள்ளே" என்றார். நான் அந்த அறைக்குள் எத்தனையோ தடவை இருந்திருக்கிறேன். நீ மட்டும்தான் இருந்ததில்லை, சின்னவள் என்பதால். அதற்கு முந்தைய மாதம் அவள் இழுப்பு வந்த மாதிரி நடித்தாள். நான் பயந்து திறந்துவிட்டேன். வெளியே வந்து சிரித்தாள். அன்று மாலை அப்பா அவளை விட்டுவிட்டு என்னைப் பூட்டினார். ஒரு இரவு, ஒரு பகல்.

அதனால் அன்றைக்கும் நடிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தட்டுகிற சத்தம் மாறியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். பம்பு எங்கே என்று கேட்டாயே. அவள் பள்ளிப் பையில் இருந்தது. பை என் நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. பம்பை எடுத்துக்கொண்டு ஓடி, கதவுக்குக் கீழே தள்ளிப் பார்த்தேன். இடுக்கு போதவில்லை. மூடியைக் கழற்றித் தள்ளினேன், அப்போதும் போகவில்லை. அந்தப் பக்கமிருந்து அவள் விரல் நுனி தெரிந்தது. சாவி என் பாவாடை முடிச்சில் இருந்தது, குட்டி. நீ பிடித்து இழுத்தாயே, அதே பாவாடை. அப்போதும் நான் திறக்கவில்லை. நாலேகால் மணிக்குத் தட்டுவது நின்றது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. போய்ப் புத்தகத்தை எடுத்தேன்.

ஆறு மணிக்கு அப்பா வந்து திறந்தார். அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டுப் போர்த்தினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீ திறக்கலைன்னு யாருக்கும் தெரிய வேண்டாம். நான் பாத்துக்கறேன்" என்றார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் எனக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை என்று எத்தனை கடிதத்தில் கேட்டிருப்பாய். நல்ல மனசு என்று நீயே பதிலும் எழுதிக்கொள்வாய்.

அந்த வரிதான் தப்பு. நான் உனக்குச் சொன்ன பொய்யை நீ பாட்டாகப் பாடுகிறாய். என்ன செய்ய வேண்டுமோ செய். இனிமேல் நான் உன்னை எதுவும் கேட்க மாட்டேன்.

அக்கா

அக்டோபர் 27

அக்கா,

இரண்டரை மாதம். ஏழு கடிதம் எழுதிக் கிழித்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை, கணக்குக்குச் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்து நான்காம் நாள் கச்சேரி. ஏழாவது பாட்டுக்குப் பியானோக்காரர் முதல் கட்டையைத் தொட்டதும் கூட்டம் ஆர்ப்பரித்தது. எனக்கு வாய் திறக்கவில்லை. நான் பாடவில்லை என்றதும் அவர்களே பாடினார்கள். இரண்டாயிரம் பேர், கையை ஆட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பிசகாமல். 'அப்பா சட்டைப் பையில' என்கிற இடத்தில் எல்லோரும் மைக்கைப் பார்த்துக் கத்தினார்கள். குழுவில் நான் கத்தின மாதிரியே. நான் நடுவில் நின்றேன். மறுநாளிலிருந்து அந்தப் பாட்டை எடுத்துவிட்டேன். காசைத் திருப்பிக் கொடு என்கிறார்கள்.

சில நாள் உன்னை வெறுத்தேன். இருக்கிறதை எழுதுகிறேன். உன்னை நினைத்தால் கதவுக்கடியில் தெரிந்த அவள் விரல் ஞாபகம் வருகிறது. சில நாள் நீ பாவம் என்று இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் வருகிற நாள்தான் மோசம்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். உன் கடிதத்தை எரித்துவிட்டேன். வெளியே தெரிந்தால் உன்னைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். என்னையும்தான், ஆல்பத்தோடு எல்லாம் போகும் என்ற பயமும் எனக்கு இருக்கிறது, அதை மறைக்கவில்லை. நீ திறக்கவில்லை என்று யாருக்கும் தெரிய வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

குட்டி

நவம்பர் 9

அன்புக் குட்டிக்கு,

நலம். நீ நலமா? தூங்குகிறாயா?

'யாருக்கும் தெரிய வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற உன் இரண்டு வரியைக் கூடத்தில் நின்றுகொண்டே நாலைந்து தடவை படித்தேன். கையெழுத்து உன்னுடையது. வார்த்தை அப்பாவுடையது. நீ தெரிந்து எழுதியிருக்க மாட்டாய். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் எழுதியிருப்பாய். அவரும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தாரோ என்னவோ. ஆனால் இன்னொரு இருபத்திரண்டு வருடம் என்னால் முடியாது. அதுவும் உனக்குக் கீழே.

அப்பாவை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே நீண்டநாள் நோயாளிகள் வார்டில் சேர்த்துவிட்டேன். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, எங்கே போகப் போகிறேன் என்பதை அவரிடம் சொன்னேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையில் இன்னும் பலம் இருக்கிறது. விரல் விரலாகப் பிரித்து எடுத்தேன்.

புதன்கிழமை வேலை முடிந்து காவல் நிலையத்துக்குப் போனேன். ஒரு பெண் காவலர்தான் இருந்தார், உன்னைவிடச் சின்னவராக இருப்பார். வந்த விஷயத்தைச் சொன்னதும், "அது எங்க எல்லாருக்கும் தெரியுமேம்மா, பாட்டுலகூட வருதே" என்றார். "பாட்டுல இருக்கறது தப்பு, நான் சொல்றதை எழுதிக்குங்க" என்றேன். ஒரு மணி நேரம் எழுதினார். கடைசியில் விவரம் நிரப்புகிற இடத்துக்கு வந்தார்.

"அப்போ உங்க வயசு?"

"பதினேழு."

"அவங்களுக்கு?"

"பதிமூணு."

இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார். என் நினைவில் அந்தக் கதவுக்கு வெளியே நான் எப்போதும் ஒரு பெரிய மனுஷியாகத்தான் நின்றுகொண்டிருப்பேன், இப்போது இருக்கிற நான். தாளில் பார்த்தால் நாலு வயதுதான் வித்தியாசம். அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இது எனக்கு மன்னிப்பு இல்லை, குட்டி. பதினேழு வயதுக்குச் சாவியைத் திருப்பத் தெரியும்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். மேலே அனுப்புவார்களாம். வழக்கு நிற்குமா என்று அவருக்கே தெரியவில்லை. உன்னையும் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். வக்கீல் வைத்து மழுப்பாதே. வா, வந்து என் முகத்தைப் பார்க்காமலேகூடச் சொல்லிவிட்டுப் போ. நீ என்னிடம் என்ன கேட்டாய், நான் உனக்கு என்ன பதில் சொன்னேன், அது மட்டும் போதும். மெதுவாகச் சொல். எழுதுகிற பெண்ணுக்குக் கை வலிக்கிறது.

அக்கா